செல்ஃப் எடுக்காத காலை

பிப்ரவரி 6

மெக்கானிக்குக்கு,

எழுதுவது யார் என்று கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து முன்னே பின்னே இருந்தால் சிரித்துக்கொள்.

உறவு சொல்லிக் கூப்பிட மனம் வரவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் நடுத்தெருவில், அத்தனை பேர் பார்க்க, உன்னை 'நீ' என்றேன். அதற்கு முன்பு வாங்க, போங்க என்றுதான் பேசினேன். அன்று போன மரியாதை இன்னும் வீடு திரும்பவில்லை. அதனால் நீ என்றே எழுதுகிறேன். கசந்தால் கசக்கட்டும்.

இது உன்னைப் பற்றிய கடிதம் இல்லை. காரைப் பற்றியது.

அந்தப் பச்சைக் கார் இன்னும் இருக்கிறது. என் மகள் போன பிறகு பத்து வருஷம் ஷெட்டில் படுதா போட்டு மூடி வைத்திருந்தேன். விலைக்குக் கேட்டு வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். போன வருஷம் பேத்திக்குப் பதினெட்டு முடிந்தது. லைசென்ஸை என் மூக்கு முன்னால் நீட்டி, "அம்மா உக்காந்த கார் பாட்டி, நான்தான் ஓட்டுவேன்" என்றாள். படுதாவை எடுத்தேன்.

இப்போது பழைய வியாதி திரும்பிவிட்டது. சாவியைத் திருகினால் ஒரு நாள் சமர்த்தாகக் கிளம்புகிறது. மறுநாள் கல் மாதிரிக் கிடக்கிறது. மூன்று மெக்கானிக் பார்த்தாயிற்று. முதல் ஆள் பேட்டரியை மாற்றினான். இரண்டாவது ஆள் ஸ்டார்ட்டரையே கழற்றிப் புதுசு போட்டான். மூன்றாவது ஆள் கை வைத்தபோதெல்லாம் கார் உடனே கிளம்பியது. "வண்டிக்கு ஒண்ணுமில்ல பாட்டி, உங்களுக்குத்தான் மனசுல கோளாறு" என்று பல்லைக் காட்டினான். அந்தப் பல்லை நான் மறக்க மாட்டேன்.

பழைய இரும்பிலிருந்து நீ கோத்து எடுத்த கார் அது. எந்தக் கம்பி எங்கே போகிறது என்று கட்டினவனைத்தான் கேட்க வேண்டும் என்கிறார்கள். அதனால் கேட்கிறேன்.

பிள்ளைக்கு அம்மாவின் நெஞ்சுதான் வாய்த்திருக்கிறது. போன மாதம் ஒரு ஈரக் காலையில் இழுப்பு வந்தது. வாயில் வைத்து இழுக்கிற மருந்துக்கும் அடங்கவில்லை. மூச்சு கீச்சுக் கீச்சென்று கத்த அவளே போய் உட்கார்ந்து சாவியைத் திருகினாள். எடுக்கவில்லை. நாலாவது திருகில்தான் எடுத்தது. அந்த நாலு திருகுக்குள் நான் எங்கே போய் வந்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

போன் செய்யாதே. உன் குரலைக் கேட்க நான் தயாராக இல்லை. பதிலை எதிர்வீட்டு டெய்லர்காரி பெயருக்கு அனுப்பு. பிள்ளைக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
காரின் சொந்தக்காரி


பிப்ரவரி 13

அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று முறை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். மூன்றிலும் காரைத் தவிர மற்ற எல்லாம் இருந்தது. இதில் கார் மட்டும்.

பேட்டரியையும் ஸ்டார்ட்டரையும் மாற்றுவதற்கு முன்னால் அந்த இரண்டு பேரும் காரின் சத்தத்தைக் கேட்டார்களா? நாக்கை நீட்டச் சொல்லிக்கூடப் பார்க்காமல் ஆபரேஷன் செய்கிற கூட்டம் எங்கள் தொழிலில் பெருகிவிட்டது.

எடுக்காத நாளில் பக்கத்தில் நின்று காது கொடுங்கள். டக் டக் டக் என்று வேகமாக அடித்துக்கொண்டால் பேட்டரியில் தெம்பு இல்லை. கனமாக ஒரே ஒரு 'டக்' வந்து நின்றுபோனால் ஸ்டார்ட்டரில் சிக்கல். ஒன்றுமே இல்லாமல் ஊமையாக இருந்தால் அது வேறு கதை.

இன்னொன்று. முன்விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருகச் சொல்லுங்கள். எதிரே ஒருவர் நின்று பார்க்க வேண்டும். விளக்கு மங்குகிறதா, அப்படியே பளிச்சென்று இருக்கிறதா? மங்கினால் எங்கோ பிடிப்பு தளர்ந்திருக்கிறது. மங்காவிட்டால் கரண்ட் புறப்படவே இல்லை.

அவசரத்துக்கு வண்டியை நம்பாதீர்கள். காரணம் தெரியும்வரை தெருமுனை டாக்சிக்காரர் நம்பரைச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

என் மகளுக்கு, என் முயலுக்கு, ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் எழுதுகிறேன். கிடைக்கிறதா? கேட்கக் கூடாது என்றால் இந்த வரியை விட்டுவிடுங்கள்.

மெக்கானிக்


பிப்ரவரி 21

மெக்கானிக்குக்கு,

கடைசி வரியை விட்டுவிட்டேன்.

நீ சொன்னதைச் செய்தேன். திங்கள்கிழமை காலை, பிள்ளை மருந்துக் கடை வேலைக்குக் கிளம்புகிற நேரம், கார் எடுக்கவில்லை. சும்மா விசாரிப்பதுபோலப் போய், பானட் மேலே கையை வைத்துக்கொண்டு நின்றேன். "என்ன பாட்டி, காருக்குக் காய்ச்சல் பாக்குறியா?" என்றாள். "பேசாம திருகுடி" என்றேன். ஐந்து முறை திருகினாள். சத்தமே இல்லை. டக்கும் இல்லை, டொக்கும் இல்லை. ஊமை. ஆறாவது முறை கிளம்பிவிட்டது.

புதன்கிழமை டெய்லர்காரியை முன்னால் நிறுத்தினேன். காரணம் சொல்லவில்லை, அவள் கேட்கவும் இல்லை. அவள் வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் என் விஷயத்தில் தைத்துக்கொள்வாள். பிள்ளை விளக்கைப் போட்டுச் சாவியைத் திருகினாள். எடுக்கவில்லை.

"அக்கா, மங்கவே இல்ல! கண்ணைப் பறிக்குது!"

"நல்லாப் பாத்தியாடி?"

"பாத்ததுல இன்னிக்கு ஊசியில நூல் கோக்க முடியாது போ."

ஆக, ஊமை, மங்கவில்லை. இரண்டுக்கும் சேர்த்து மருந்து சொல்.

டாக்சி நம்பரை ஒட்டிவிட்டேன். நீ சொன்னதற்காக இல்லை.

சொந்தக்காரி


பிப்ரவரி 28

அத்தைக்கு,

நீங்கள் பார்த்துச் சொன்னதுபோல என்னிடம் வேலை செய்கிறவர்கள் ஒருவரும் பார்த்துச் சொல்வதில்லை.

பேட்டரி நன்றாக இருக்கிறது. ஸ்டார்ட்டரும் நன்றாக இருக்கிறது. இரண்டையும் வீணாக மாற்றியிருக்கிறார்கள். சாவியைத் திருகும்போது 'கிளம்பு' என்று ஓர் உத்தரவு ஸ்டார்ட்டருக்குப் போக வேண்டும். அந்த உத்தரவு வழியிலேயே நின்றுவிடுகிறது. சில நாள் போய்ச் சேர்கிறது, சில நாள் சேரவில்லை. இப்படி வந்து வந்து போகிற கோளாறுதான் எங்களைக் கொல்வது. முழுசாகக் கெட்டது கையில் சிக்கிவிடும். பாதி கெட்டது நாம் பார்க்கும்போது நல்லதுபோல நிற்கும்.

அதைப் பிடிக்க ஒரு வழிதான் உண்டு. எந்தெந்த நாள் எடுக்கவில்லை, எந்தெந்த நாள் எடுத்தது, வெயிலா மழையா, வண்டி சூடா குளிரா, திருகியது யார். இதை எழுதி வைக்க வேண்டும். மற்றவர்களிடம் நோட்டுப் போடச் சொல்வேன். உங்களுக்கு நோட்டு எதற்கு? நான் கல்யாணத்துக்கு மறுநாள் எந்தச் சட்டை போட்டிருந்தேன் என்றுகூட உங்களுக்குத் தெரியும். இப்போது நடந்ததையும் எழுதுங்கள். முடிந்தால், அப்போது நடந்ததையும்.

அப்போது என்றால் உங்கள் மகள் போன அந்தக் காலையையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். கேட்பதற்கு எனக்கு என்ன உரிமை என்று கோபம் வரும். அதனால் முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

முந்தின நாள் மாலை நான் பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றி, வெந்நீர் ஊற்றித் தேய்த்து, திரும்ப மாட்டினேன். நீங்களும் பார்த்தீர்கள். இரண்டாவது நட்டை இறுக்கும்போது அவள் கதவோரம் நின்று ஏதோ சொல்லிச் சிரித்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். ஸ்பேனர் கையில் இருந்தது. கடைசி அரைச் சுற்றை இறுக்கினேனா இல்லையா, எனக்குத் தெரியாது. அதனால்தான் மறுநாள் கார் எடுக்காதபோது சாவியை விட்டுவிட்டுப் பானட்டைத் திறந்து அந்த நட்டிடம் ஓடினேன். என் கைதான் அவளைக் கொன்றது என்று நீங்கள் தெருவில் நின்று சொன்னதை நான் நம்பினேன், அத்தை. ஊரை விட்டு வந்தது அதனால்தான். முயலை உங்களிடமே விட்டு வந்ததும் அதனால்தான். பதினோரு வருஷமாக அந்த நட்டை இறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

மெக்கானிக்


மார்ச் 7

மெக்கானிக்குக்கு,

நட்டுக் கதையைப் படித்துவிட்டு இரண்டு நாள் எழுதவில்லை. எனக்கு நீ பதில் பேசாமல் போனதுதான் அப்போது பெரிய குற்றமாகப் பட்டது. வாயைத் திறந்து இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டி ஆறியிருப்பேன்.

சரி, கணக்கைக் கேள்.

சட்டை நீலம். முழங்கையில் எண்ணெய்க் கறை. கல்யாணமாகி மறுநாள்கூடக் கறை இல்லாத சட்டை உனக்கு அகப்படவில்லை.

அப்போது நடந்தது. உன் பட்டறைக்குப் போனால் கார் ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை. உன்னிடம் ஒரு கள்ளச் சாவி இருந்தது. சிவப்பு நூல் கட்டி, பட்டறை ஆணியில் மாட்டியிருந்தாய். எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? அந்தச் சாவியைப் போட்டால் உடனே எடுக்கும். "இந்தக் கார் என் கைக்குத்தான் அடங்கும்" என்று பீற்றிக்கொள்வாய்.

வீட்டிலிருந்து கிளம்பும்போதுதான் வம்பு. பிள்ளையின் பள்ளி விழாவுக்குப் போன அன்று எடுக்கவில்லை, வெயில். என் தங்கை வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போன அன்று எடுக்கவில்லை, மழை. பல் பிடுங்கப் போன அன்று போகும்போது எடுத்தது, வரும்போது எடுக்கவில்லை, ஆஸ்பத்திரி வாசலில் வாயில் பஞ்சோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெயில் மழை, சூடு குளிர் என்று அது பார்த்ததில்லை.

இப்போது நடந்தது. தை பிறந்ததிலிருந்து ஒன்பது முறை எடுக்கவில்லை, ஒன்பதும் வீட்டு வாசலில் அல்லது மருந்துக் கடை வாசலில். மூன்று மெக்கானிக்கிடம் போனபோது ஒரு முறைகூட இல்லை. நடுவில் எனக்குக் கண் ஆபரேஷன் நடந்து ஆஸ்பத்திரியில் எட்டு நாள் கிடந்தேன். அந்த எட்டு நாளும் பிள்ளை தினம் இரண்டு முறை வந்து போனாள். ஒரு நாளும் தகராறு இல்லை. நான் வீடு வந்த மறுநாளே நின்றுவிட்டது. காருக்கும் என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

இனி அந்தக் காலை. எட்டரை மணி. அவள் ஊதாப் பூப்போட்ட நைட்டியில் இருந்தாள், தலை வாரவில்லை. நீ அவளைத் தூக்கி வந்து பின்சீட்டில் சாய்த்தாய். கதவு திறந்தே இருந்தது. என் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து உன் கையில் கொடுத்தேன். திருகினாய். சத்தம் இல்லை. மறுபடி திருகினாய். உள்ளே கூரையில் எரியுமே ஒரு சின்ன விளக்கு, அது அவள் முகத்தில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. ஒரு துடிப்புக்கூட இல்லாமல் எரிந்தது. உதடு நீலமாக மாறியதை அந்த வெளிச்சத்தில்தான் பார்த்தேன். நீ இறங்கிப் பானட்டைத் திறந்து எதையோ நோண்டினாய். ஏழு நிமிஷம். எதிர்வீட்டுச் சுவர்க் கடிகாரம் தெரிந்தது. அப்புறம் பால் வண்டிக்காரன் நின்றான், அதில் ஏற்றிக்கொண்டு போனோம், நேரம் கடந்துவிட்டது.

மற்றது உனக்கே தெரியும்.

சொந்தக்காரி


மார்ச் 24

அத்தைக்கு,

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். பட்டறையில் வேலை அதிகம்.

கோளாறு தெரிந்துவிட்டது. என்ஜினிலிருந்து பாடிக்கு ஒரு தடித்த எர்த் வயர் போகும். அது நான் போட்டதுதான், பழைய வண்டியிலிருந்து எடுத்த வயர். உள்ளே அரித்துப் போயிருக்கும். அதுதான் காரணம். அப்போதும் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆக, நட்டு இல்லாவிட்டாலும் தப்பு என் கையில்தான்.

பார்சலில் புது எர்த் வயர் வைத்திருக்கிறேன். அதோடு ஓர் இக்னிஷன் சுவிட்சும் இருக்கிறது. சாவி போடுகிற இடம் அது. சும்மா கையில் இருந்தது, பழசு என்பதால் அதையும் மாற்றிவிடச் சொல்லுங்கள். மூன்றாவது மெக்கானிக்கே போதும், பல் எப்படி இருந்தாலும்.

மாற்றிய பிறகு கார் சாவியைத் தனியாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பழைய வண்டிகளுக்கு அது நல்லது. மற்றபடி ஒன்றுமில்லை.

மெக்கானிக்


ஏப்ரல் 2

மெக்கானிக்குக்கு,

பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்தேன். இன்னும் எதையும் மாற்றவில்லை.

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். எர்த் வயருக்கு எட்டு வரி எழுதியிருக்கிறாய். கடைசியில் போகிற போக்கில் சாவிக்கு ஒரு வரி. பொய் சொல்லும்போது நீ எப்போதுமே அப்படித்தான். முக்கியமானதை வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொல்வாய். அவளுக்கு நெஞ்சு படத்தில் கோளாறு தெரிகிறது என்பதையும் அப்படித்தான் சொன்னாய், படியிறங்கிக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளை தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். நான் ஷெட்டுக்குள் போய், டெய்லர்காரியையும் கூப்பிடாமல், கதவைத் திறந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் அந்த சீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கியர் நடுவில் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தேன், பிள்ளை செய்வதைப் பார்த்திருக்கிறேன். கொத்தோடு சாவியைப் போட்டேன்.

என் கொத்து உனக்குத் தெரியும். பதினாலு சாவி. பீரோ, இரும்புப் பெட்டி, மாடிக் கதவு, பின்கதவு, அவர் இருந்தபோது வைத்திருந்த கடை. கடை போய் இருபது வருஷம் ஆனாலும் சாவி போகவில்லை. அதோடு அந்தக் கடையின் பித்தளைப் பூட்டு ஒன்று, கைக்குழந்தையின் முஷ்டி அளவுக்கு. அத்தனையும் அந்தச் சாவித் துவாரத்திலிருந்து தொங்கிச் சுவிட்சைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. பத்து முறை திருகினேன். நாலு முறை ஊமை.

பிறகு கார் சாவியை வளையத்திலிருந்து கழற்றினேன். நகம் பிய்ந்தது. தனிச் சாவியைப் போட்டேன். பத்து முறை. பத்தும் எடுத்தது. நம்பாமல் இன்னும் பத்து. அதுவும் எடுத்தது. உன் எர்த் வயர் பார்சலிலேயே தூங்கிக்கொண்டிருந்தது.

என்ஜினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு நாளாக எண்ணிப் பார்த்தேன்.

மெக்கானிக் மூன்று பேருக்கும் பிள்ளை கார் சாவியை மட்டும் கழற்றித்தான் கொடுத்தாள். வீட்டுச் சாவியை அந்நியனிடம் யார் கொடுப்பார்கள்? நான் ஆஸ்பத்திரியில் கிடந்த எட்டு நாளும் கொத்து டெய்லர்காரியிடம் இருந்தது, பிள்ளையிடம் கார் சாவி மட்டும். உன் சிவப்பு நூல் சாவி தனிச் சாவி. எங்கே எடுத்தது, எங்கே எடுக்கவில்லை என்று நானே என் கையால் உனக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். என் ஞாபகத்தை வைத்தே நீ கண்டுபிடித்திருக்கிறாய். கண்டுபிடித்துவிட்டு, அதைத் தூக்கி உன் தலையில் போட்டுக்கொண்டாய். என்னைக் குழந்தையாக்காதே.

பட்டியலில் ஒன்றை மட்டும் நான் எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. நீ மறந்திருக்கலாம். நான் மறப்பவள் இல்லை.

அவள் போவதற்கு ஒரு வருஷம் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை. கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். நீ வந்து நின்றாய். "அத்தை, இந்தக் கொத்தோட மாட்டாதீங்க. கனம் தாங்காம சுவிட்ச் தேஞ்சிடும். கார் சாவிய மட்டும் தனியாக் குடுங்க" என்றாய். நான் ஈரத் துணியை உதறிக்கொண்டே சொன்னேன். "சாவியக் கழட்டிக் குடுத்தா எம் பொண்ணையும் கழட்டிக்கிட்டுப் போயிடலாம்னு பாக்குறீங்களா?"

அதற்கு முந்தின மாதம்தான் நீங்கள் இரண்டு பேரும் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு போய் மூன்றாம் நாள் வந்தீர்கள். அதிலிருந்துதான் அந்தச் சட்டம் போட்டேன். கார் வேண்டுமா, கொத்தோடு எடுத்துக்கொண்டு போ. கொத்து இருந்தால் வீட்டு ஞாபகம் இருக்கும். என் வீட்டுச் சாவி முழுக்க உன் கையில் இருந்தால் நீ திரும்பி வந்தாக வேண்டும், அவளோடு. பேத்திக்கும் அதே சட்டம்தான். அவள் ஒரு நாள் உன்னைத் தேடிக்கொண்டு போய்விடுவாள் என்ற பயம்.

நீ சொன்னதை நான் மறக்கவில்லை. பதினோரு வருஷமாக அந்தப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு நடந்திருக்கிறேன். அந்தக் காலையில் கொத்தை எடுத்து உன் கையில் கொடுத்தது நான். பிறகு தெருவில் நின்று கத்தியதும் நான்.

இன்னொன்றும் இருக்கிறது. உன் பிறந்தநாள் கடிதங்கள் வந்தன. பதினொன்றும். ஒன்றையும் பிரிக்கவில்லை, ஒன்றையும் கொடுக்கவில்லை. இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. அந்தப் பெட்டியின் சாவியும் அதே கொத்தில்தான். அதை மட்டும் கழற்றினால் பிள்ளைக்குச் சந்தேகம் வரும் என்று விட்டுவைத்தேன். ஒரு வருஷமாக அவள் அதைச் சுமந்துகொண்டுதான் கார் ஓட்டினாள்.

நான்


ஏப்ரல் 8

அத்தைக்கு,

நீங்கள் உட்கார்ந்து முப்பது முறை திருகியதைப் படித்துவிட்டுப் பட்டறையை மூடிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை எனக்கும் ஞாபகம் இருக்கிறது. நீங்கள் அதற்கு மேல் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. சாவியின் கனம் சுவிட்சைத் தேய்க்கும் என்று தெரிந்தவன் நான். அந்தக் காலையில் கொத்தைக் கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு முறை திருகியிருந்தால் போதும். எனக்குத் தோன்றவில்லை. நட்டைத்தான் நினைத்தேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது என்று நீங்கள் எழுதியபோதுதான் நட்டு இறுக்கமாக இருந்திருக்கிறது என்று தெரிந்தது. அந்த வெளிச்சம் அன்றைக்கும் என் முதுகுக்குப் பின்னால் எரிந்துகொண்டுதான் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் இதை முழுதாக நீங்களே எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கும் பங்கு வேண்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். முயலிடம் சொல்ல வேண்டாம். அவள் இருப்பது உங்களோடு. இரவும் பகலும் உங்கள் முகத்தைப் பார்க்கிறாள். அவளுக்கு ஒருவராவது மிச்சம் இருக்கட்டும். என்னை வெறுத்துப் பழகிவிட்டாள், அது அவளுக்குப் பாரமாக இருக்காது. கடிதங்களை எரித்துவிடுங்கள். சுவிட்சை மாற்றுங்கள். சாவியைத் தனியாகக் கொடுங்கள். வண்டி ஓடினால் போதும்.

முயலின் அப்பா


ஏப்ரல் 17

மாப்பிள்ளைக்கு,

உங்கள் பேச்சை ஒரு தடவை கேட்காமல் விட்டேன். இது இரண்டாவது தடவை.

சுவிட்சை மாற்றியாயிற்று. பல்காரன்தான் மாற்றினான். பழையதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். ஒரு பக்கம் மட்டும் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. "இதை எப்படிப் பாட்டி கண்டுபிடிச்சீங்க?" என்றான். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். கொத்தை மேஜைமேல் வைத்தேன். முதலில் பெட்டிச் சாவியைக் காட்டினேன், பிறகு கார் சாவியை, பிறகு அந்தக் காலையைச் சொன்னேன். கொடித் துணியையும் விடவில்லை. எல்லாம் முடிந்த பிறகு கேட்டாள்.

"அப்ப நான் இத்தனை வருஷமா யாரைப் பாட்டி வெறுத்தேன்?"

பெட்டிச் சாவியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

பெட்டியைத் திறந்து பதினொன்றையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். பொழுது சாய்ந்தபின் இறங்கி வந்தாள், சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள். எனக்கும் எடுத்து வைத்தாள். மறுநாள் எட்டு வயதுப் பிறந்தநாளைக்கு நீங்கள் எழுதியதை மட்டும் என் தலையணை அடியில் விட்டிருந்தாள், படிக்கட்டும் என்றோ, படட்டும் என்றோ. படித்தேன். 'பாட்டி சொல்படி கேள்' என்று எழுதியிருந்தீர்கள்.

இன்று காலை ஒரு சின்னப் பையோடு கீழே வந்தாள். மருந்துக் குழலை எடுத்துக்கொண்டாளா என்று கேட்டேன். சட்டைப் பையைத் தட்டிக் காட்டினாள். எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. கார் சாவியைத் தனியாக நீட்டினேன். வாங்கிக்கொண்டாள்.

ஷெட்டுக் கதவருகே நின்று காது கொடுத்தேன். ஒரே திருகு. உடனே கிளம்பியது. தெருமுனை திரும்பும்வரை சத்தம் கேட்டது, பிறகு கேட்கவில்லை.

இந்தக் கடிதத்துக்கு முன்னால் அவளே அங்கே வந்து நின்றிருப்பாள். அவள் எது கேட்டாலும் பதில் சொல்லுங்கள். என்னைக் காப்பாற்றிப் பேச வேண்டாம். வண்டி அவ்வளவு தூரம் ஓடிப் பழக்கமில்லை, தண்ணீர் பாருங்கள்.

கொத்தைப் பிரித்துவிட்டேன். பித்தளைப் பூட்டையும் கடைச் சாவியையும் பழைய இரும்புக்காரனிடம் போட்டேன். இடுப்பில் இப்போது நாலு சாவிதான். நடக்கும்போது சத்தமே வருவதில்லை, நான் வருவது எனக்கே தெரியவில்லை.

பின்கதவுக்குத் தாழ்ப்பாள் மட்டும்தான் போடுகிறேன். வெளியிலிருந்து கையை விட்டால் திறக்கும். அவளுக்குத் தெரியும். உங்களுக்கும் மறந்திருக்காது.

அத்தை